சோழப் பேரரசு முடிந்தது 1279 என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பொன்னித்துறை:
எல்லாப் பாடநூலிலும் 1279தான் இருக்கிறது. அந்த ஆண்டில் போர் நடந்ததாகவோ அரசன் இறந்ததாகவோ ஏதாவது கல்வெட்டு சொல்கிறதா?

மைப்படி:
இல்லை. கடைசிச் சோழ அரசன் மூன்றாம் ராஜேந்திரன் ஆட்சிக்கு வந்தது 1246. கிடைத்திருக்கும் கல்வெட்டுகளில் அவனது கடைசி ஆட்சியாண்டு 33. நடப்பாண்டைத்தான் எண்ணுவார்கள், அதாவது அரியணை ஏறியதும் ஓடும் ஆண்டே 1, எனவே 33 அல்ல, 32ஐக் கூட்ட வேண்டும். 1278-79 வருகிறது. அதுதான் கடைசிக் கல்லின் தேதி, அவ்வளவே.

அந்த 1246 கூட எந்தக் கல்லிலும் எழுதப்பட்டதில்லை, கணித்துப் பெற்றது. 'மேஷ நாயற்று, பூர்வ பக்ஷத்து' (சித்திரை மாதம், வளர்பிறை) என்று தொடங்கித் திதி, கிழமை, நட்சத்திரம் என ஒரே நாளுக்கு நான்கைந்து குறிப்புகள் கல்லில் இருக்கும். அவை எல்லாம் பொருந்தும் நாளைச் சாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளில் தேடுவார்கள். பல கல்வெட்டுகளுக்கு இப்படிச் செய்தால், அரியணை ஏறிய நாள் சில வாரங்களுக்குள் சுருங்கிவிடும். ஒரு குறிப்பு மட்டும் பொருந்தாவிட்டால் செதுக்கியவர் பிழை எனலாம். இரண்டைத் திருத்தினால்தான் பொருந்தும் என்றால் அந்தக் கல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நிவந்தம்:
பெயரிலும் சறுக்கல் உண்டு. 'திரிபுவனச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் சோழனுக்கும் பாண்டியனுக்கும் பொது. 'கோனேரின்மைகொண்டான்' என்ற பட்டம் மட்டும் இருந்தால் அரசன் யார் என்றே தெரியாது. மெய்க்கீர்த்தி (அரசனின் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதி) இல்லாத கல்லில் எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), அதிகாரிகளின் பெயர் ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பொன்னித்துறை:
அப்படியானால் உண்மையில் அதிகாரம் போனது எப்போது?

மைப்படி:
என் கருத்தில் அதற்கு வெகு முன்பே. மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தி 'தஞ்சையும் உறந்தையும் (உறையூர்) செந்தழல் கொளுத்தி' என்கிறது. நாட்டைப் பிடித்து, பிறகு சோழனுக்கே 'வழங்கியருளினான்'. அடுத்து, 1231 வாக்கில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ அரசன் மூன்றாம் ராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள (ஹொய்சள) அரசன் நரசிம்மனின் படை வந்து மீட்டது. இதைச் சொல்லும் திருவயிந்திரபுரம் கல்வெட்டு யாருடைய ஆண்டில் பொறிக்கப்பட்டது தெரியுமா? அதே ராஜராஜனின் ஆட்சியாண்டில்! அரசனைச் சிறையில் அடைக்க முடிந்திருக்கிறது, ஆனால் ஆண்டுக் கணக்கு அவன் பெயரில்தான் ஓடியது.

நிவந்தம்:
அதனால் ஒரே ஆண்டைத் தேடாமல் ஊர்வாரியாகப் பாருங்கள். ஒரு கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைக் கால வரிசையில் அடுக்கி, சோழ ஆண்டு எங்கே நிற்கிறது, பாண்டிய ஆண்டு எங்கே தொடங்குகிறது என்று குறியுங்கள். இடையில் கல்வெட்டே இல்லாத ஆண்டுகள் வந்தால் ஆட்சி மாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் யாரும் கொடை தராமல் இருந்திருக்கலாம், திருப்பணியில் கல் போயிருக்கலாம்.