50 நிமிஷ வீடியோ போட்டேன், பாத்தது 7 பேரு... ஆன்லைன் கோர்ஸ எப்புடித்தான் நடத்துறது?

திருமங்கலம்_டீச்சர்
வணக்கம், பி.காம் புள்ளைகளுக்கு ஸ்டேட்டிஸ்டிக்ஸ் எடுக்குற கெஸ்ட் லெக்சரர் நான். இந்த செமஸ்டர் என் பேப்பர் மொத்தமும் ஆன்லைன்னு சொல்லிட்டாங்க. மூடுல்னு பாடம், குவிஸ் எல்லாம் ஏத்துற ஆன்லைன் தளத்துல அரை நாள் டிரெய்னிங் குடுத்தாங்க, அதுல பாதி நேரம் பாஸ்வேர்டு வாங்கவே போயிருச்சு. ராத்திரி என் பாப்பாவ தூங்க வச்சிட்டு உக்காந்து 50 நிமிஷ வீடியோவா ஒம்பது போட்டேன். கிளாஸ்ல 64 பேரு, முழுசா பாத்தது 7 பேரு. மீட்ல கூப்புட்டா கேமரா ஆஃப், "எஸ் மேம்" மட்டும் வருது. ஹெச்ஓடி "இன்ட்ரஸ்டா நடத்துங்க"ங்குறாரு. எங்க தப்பு பண்றேன்?

வைகைக்கரை
மேடம், 50 நிமிஷம்ங்கிறது பெல் அடிக்குற கிளாஸுக்கு உள்ள கணக்கு. 2014ல எடெக்ஸ்ங்கிற ஆன்லைன் படிப்புத் தளத்தோட 4 கோர்ஸுல 69 லட்சம் தடவ வீடியோ ஓடுனத எடுத்துப் பாத்தாங்க, வீடியோ எவ்ளோ நீளமா இருந்தாலும் பாக்குற நேரம் 6 நிமிஷத்தத் தாண்டல (மீடியன், அதாவது நடு மதிப்புதான், உங்களுக்கு நான் சொல்லணுமா). அதுக்காக வெட்டிப் போட்டா மட்டும் சரியாயிடாது. வீடியோவ விட்டுட்டு, இந்த வாரம் புள்ளைக என்ன செய்யணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. ஸ்டாண்டர்டு டீவியேஷன்னா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி ஏழு நாள் என்ன வெலைக்கு போச்சுன்னு எழுதிட்டு வரச்சொல்லுங்க, முகூர்த்தத்துக்கு ஏறி மறுநாள் விழுறத பாத்தாலே சராசரியில இருந்து வெலை எவ்ளோ வெலகுதுன்னு பாதி புரிஞ்சுரும். ஆளுக்கு ஒரு வாரம் பிரிச்சு விட்டா காப்பி அடிக்கவும் முடியாது. அந்தக் கணக்குல எங்க முட்டுதோ அதுக்கு மட்டும் சின்ன வீடியோ.

உசிலம்பட்டி_பய
நான் வீடியோ பாக்காம விட்ட கோஷ்டி மேம், ரெண்டு வருஷம் முன்னாடி முடிச்சேன். எங்க வீட்ல ஒரே போனு, அண்ணே வேலை முடிஞ்சு ராத்திரி வந்தாத்தான் கையில கெடைக்கும், அதுக்குள்ள டேட்டா காலியாயிருக்கும். யூடியூப் லிங்கா போட்டா மூடுல் ஆப்ல டவுன்லோட் ஆகாது, சின்ன ஃபைலா ஏத்துங்க. குவிஸ் செட்டிங்ல ஆப் வழியா ஆஃப்லைன்ல எழுதலாம்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணி விடுங்க, நெட் கெடச்சதும் ஏறிக்கும். எங்க சார் யாருக்கும் அது தெரியல.

ரிட்டயர்டு_வாத்தி
எல்லாரும் அந்தம்மாவுக்கே வேலைய கூட்டுறீங்களேப்பா. 2017ல மத்திய அரசு கொண்டாந்த ஸ்வயம்ங்கிற ஆன்லைன் படிப்புத் தளத்துல ஒரு கோர்ஸுக்கு வீடியோ, படிக்க மெட்டீரியல், சுயமதிப்பீடு, கலந்துரையாடல்னு நாலு பங்கு வேணும். ஐஐடிக சேந்து நடத்துற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்ல அதுக்கு ஸ்டுடியோ தனி, சந்தேகம் தீக்க டீச்சிங் அசிஸ்டண்ட் தனி. இங்க நாலையும் ஒரே ஆளு, அதுவும் ராத்திரி! வாரத்துக்கு ரெண்டு பீரியட் கொறைக்கச் சொல்லி எழுதிக் குடுங்கம்மா.

வைகைக்கரை
சார், கெஸ்ட் லெக்சரர் எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் கூப்புடவே மாட்டாங்க. டிபார்ட்மெண்ட்ல இதே பேப்பர் எடுக்குற இன்னொருத்தரோட சேந்து கேள்விகள பாதிப் பாதி போட்டுக்கலாம், நடக்குற காரியம் அதான்.

திருமங்கலம்_டீச்சர்
பத்து நாள் கழிச்சு வாரேன். மல்லி கணக்கு குடுத்தேன், 41 பேரு அனுப்பிட்டாக. ஒருத்தன் அப்பாவோட கமிஷன் கடைச் சீட்டையே போட்டோ எடுத்து அனுப்பிருக்கான், கணக்கு தப்பு, ஆனா வெலை எல்லாம் சரி. பக்கத்து செக்‌ஷன் மேடம் குவிஸ்ல பாதிய எடுத்துக்கிட்டாங்க. பீரியட் விஷயத்த ஹெச்ஓடிகிட்ட வாய்வார்த்தையா கேட்டேன் சார், "பாப்போம்"னாரு.