காசுமாலையில் கோத்திருந்த ரோமானியப் பொற்காசு: எந்த மன்னருடையது?

கேள்வி (சீர்காழி):
எங்கள் பாட்டியின் காசுமாலை நடுவே, மற்றக் காசுகளோடு ஒட்டாத பொற்காசு ஒன்று வளையம் பற்றவைத்துக் கோக்கப்பட்டிருந்தது. வளையத்தோடு எடை 8.2 கிராம். ஒருபுறம் இலைமாலை சூடிய ஆண் தலை வலப்பக்கம் நோக்குகிறது; கன்னத்தின் குறுக்கே ஆழமான வெட்டு இருக்கிறது. மறுபுறம் நாற்காலியில் அமர்ந்த பெண், நெடுங்கோலும் கிளையும் ஏந்தியிருக்கிறாள். அவளைச் சுற்றிப் பி, ஓ, என், டி, ஐ, எஃப் என்னும் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. பூம்புகார் பக்கத்தில் இருப்பதால் கேட்கிறேன், இது உண்மையான ரோமானியக் காசுதானா?

மறுமொழி (தஞ்சாவூர்):
தாங்கள் படித்த எழுத்துகள் 'பொன்டிஃப் மாக்சிம்', அதாவது தலைமைப் பூசாரி என்னும் பட்டத்தின் முற்பகுதி. அமர்ந்த பெண்ணோடு சேர்த்துப் பார்த்தால், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட ரோமானியப் பேரரசர் திபேரியுசின் 'ஆரியஸ்' என்னும் பொற்காசு வகையாகத் தோன்றுகிறது. தலையைச் சுற்றி டி, ஐ எனத் தொடங்கிச் 'சீசர்' வருகிறதா என்று பாருங்கள். அக்காசுகளில் யு என்பதற்கு வி எழுத்தையே பொறித்திருப்பார்கள். இதே உருவம் வெள்ளித் தினாரியசிலும் உண்டு, ஆனால் அது ஏறக்குறைய 3.7 கிராம்தான் இருக்கும் என்பதால், முலாம் பூசிய வெள்ளியோ என்ற ஐயத்தைத் தங்கள் எடையே போக்கிவிடுகிறது.

வெட்டைக் கண்டு மனம் தளர வேண்டாம். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் இப்படித்தான் மன்னர் முகத்தில் உளி விழுந்திருக்கிறது. இனிக் காசாகச் செல்லாது, பொன்னாகவே மதிக்கப்படும் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

மறுமொழி (கும்பகோணம், பொற்கொல்லர்):
உரைகல்லில் தேய்க்கவும் வேண்டாம், புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். இரண்டு தசமம் காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, அது காட்டும் எடையைச் சுழியமாக்கி, காசை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் முக்குங்கள். நல்ல பொன்னானால், காசு விலக்கும் தண்ணீரின் எடையாக 0.43 கிராமை ஒட்டிக் காட்டும்; வளையத்தின் பற்றவைப்பால் சற்றுக் கூடலாம். முலாம் பூசிய பித்தளையானால் 0.95க்கு மேல் போய்விடும். பொன் என்று தெரிந்துவிட்டால் மட்டும் ரோமானியக் காசாகிவிடாது, ஏனெனில் பொன்னிலேயே போலி வார்க்கிறவர்கள் உண்டு. விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடோ, எழுத்துகளுக்கிடையே நுண்ணிய குழிகளோ தென்பட்டால் அது வார்ப்பு. வளையத்தை எடுக்கச் சூடு காட்டினால் காசு கெட்டுவிடும்; அப்படியே இருக்கட்டும்.

மறுமொழி (மயிலாடுதுறை):
ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். இந்தியாவிலேயே பண்டைக் காலத்தில் ரோமானியக் காசைப் பார்த்து அச்சடித்த பொற்காசுகளும் கிடைத்துள்ளன. அவற்றில் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்திருக்கும். எனவே இருபுறமும் சாய்வொளியில் படமெடுத்து, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியக நாணயப் பிரிவுக்குக் காட்டுங்கள். பரம்பரை நகையாக வந்த காசு ஒருபுறம் இருக்க, வயலில் மண்ணுக்கடியில் கிடைத்ததாக இருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது கட்டாயம்; ஆகவே பாட்டிக்கு அது எவ்வழியில் வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் விசாரித்துவிடுங்கள்.