நோர்வேஜிய நீளச் சொல்லை எங்கே பிரித்து வாசிப்பது?

கேள்வி:
ஒஸ்லோவுக்கு வந்து எட்டு மாதம். மகளுக்குப் பாலர் பாடசாலையில் இடம் கேட்டுத் தொலைபேசியில் பேசினேன். 'பர்னெஹகெப்லஸ்' என்று மூன்று தடவை சொல்லியும் அந்தப் பக்கம் இருந்தவருக்கு விளங்கவில்லை. கடைசியில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அர்த்தம் தெரியும், எங்கே பிரித்து எங்கே அழுத்துவது என்றுதான் தெரியவில்லை. நுழைவாயில் பலகையைக்கூட 'இங்கங்' என்றே வாசிக்கிறேன், வகுப்பில் திருத்துகிறார்கள். உதவி செய்யுங்கள்.

பதில் (ஒஸ்லோ):
தங்கச்சி, அசையை எண்ண வேண்டாம். முதலில் சொல்லை மூட்டு மூட்டாகக் கழற்றுங்கள். பார்ன் (குழந்தை), ஹாகெ (தோட்டம்), ப்லஸ் (இடம்). பார்னுக்குப் பின்னால் வரும் 'எ' வெறும் ஒட்டு, அது முன்சொல்லோடுதான் போகும். 'அர்பைட்ஸ்-ப்லஸ்' (வேலையிடம்) என்பதில் வரும் 'ஸ்' ஒட்டும் அப்படியே. அழுத்தம் முதல் துண்டில். அதற்காக 'ஹா'வைக் குறுக்கிவிடாதீர்கள்; இரண்டாம் துண்டின் நெடில் நெடிலாகவே நிற்கும்.

இன்னொன்று, இது நமக்குக் கிடைத்த வரம். ஒஸ்லோப் பேச்சில் ர், ன் இரண்டும் சேர்ந்தால் நம்முடைய ண்தான். நாக்கை மடித்து 'பாணெ-ஹாகெ-ப்லஸ்' என்று சொல்லிப் பாருங்கள். மூட்டைத் தாண்டியும் இப்படி நடக்கும், ர், ஸ் சேர்ந்தால் ஷ்: மயூர் + ஸ்தூவென் என்பது ஒஸ்லோவில் ஓர் இடம், நிலத்தடி ரயிலில் கேட்பது 'மயூஷ்டூவென்'.

நுழைவாயில் 'இன் + கங்'. 'தங்கம்' போல உருக்கக் கூடாது. 'இன்' முடிந்த பிறகு கணபதியின் க. கடைசியில் ங் மட்டும், அதற்குப் பின் க் ஒலிக்காது.

பதில் (பேர்கன்):
அண்ணா சொன்ன ண் இங்கே செல்லாது. பேர்கன்காரர் ர-வைத் தொண்டையில் சொல்வதால் ர், ன் தனித்தனியாகவே கேட்கும்.

எழுத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். இரவு ரயில் நத் + தோக். 'நத்' என்பதை இரண்டு த் போட்டு எழுதுவார்கள், ஆகவே சேரும்போது மூன்று த் வர வேண்டும். ஒரே மெய்யை மூன்று தடவை எழுதும் வழக்கம் இல்லாததால் ஒன்றை விட்டுவிடுவார்கள். வரிக் கடைசியில் சொல்லை உடைத்தால் அது திரும்பி வரும். 'பஸ் நிறுத்தம்' என்ற சொல்லிலும் (பஸ் + ஸ்தொப்) ஸ்-க்கு இதே கதைதான். மூட்டைத் தேடும்போது எழுத்து குறைவதுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. நேற்று முழுக்க 'பாணெ, பாணெ' என்று மகளோடு சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அழைத்தேன், முதல் தடவையிலேயே விளங்கியது! அப்புறம், அவசர மருத்துவரிடம் போகும் இடம் 'லேகெ-வக்த்', அழுத்தம் 'லே'யில். சரிதானே?

பதில் (ஒஸ்லோ):
சரி. 'லே'யை நன்றாக நீட்டுங்கள்.