மனப்பாட ஆங்கிலம் தீர்ந்த பிறகு என்ன பேசுவது?

மல்லைக்காரன்:
மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், பல்லவ மன்னன் ராஜசிம்மன், 1984-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது எல்லாம் ஆங்கிலத்தில் தூக்கத்திலும் வரும். நடுவில் யாராவது கேள்வி கேட்டால்தான் திண்டாட்டம். போன வாரம் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் ஒரு பிரெஞ்சு அம்மையார், "தவம் செய்வது அர்ஜுனனா, கங்கையை பூமிக்கு இறக்கிய பகீரதனா? நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டார். தமிழில் என்றால் பாறைப் பிளவில் நீந்தும் நாகர்கள், உச்சியில் நீர் தேக்கிய தடயம், தவக்கோலத்தில் நிற்கும் பூனை என்று அரை மணி நேரம் பேசுவேன். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டது. இத்தாலியர் பேசும் ஆங்கிலமோ காதிலேயே ஏறுவதில்லை. பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனால் வேலைக்கான நேர்காணலுக்குத் தயார் செய்கிறார்கள்! இன்னொரு தொல்லை: வேன் ஏஜென்சி சிற்பக் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறது, பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். மரியாதை கெடாமல் எப்படிச் சமாளிப்பது?

தஞ்சை மூத்தவர்:
தம்பி, கேட்கப்படும் கேள்விகளை அன்றன்று மாலையே நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆங்கிலத்துக்கு முன் சரக்கைச் சரிபாருங்கள். பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்று இன்னமும் இங்கே சிலர் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் மாலை வெயிலில் அந்த நிழலிலேயே நின்றுகொண்டு சிரிக்கிறார். எந்த இலக்கணமும் அங்கே காப்பாற்றாது.

ஆங்கில ஆசிரியை:
நீங்கள் தமிழில் அடுக்கிய சான்றுகளையே துண்டு துண்டாகச் சொல்லுங்கள். "சம் பீப்பிள் ஸே அர்ஜுனா. பட் லுக் அட் த நாகாஸ்." கையால் காட்டுங்கள், நிறுத்துங்கள், அடுத்ததற்குப் போங்கள். நீண்ட வாக்கியம் உங்களுக்கும் வேண்டாம், அந்த பிரெஞ்சு அம்மையாருக்கும் வேண்டாம். அவருக்கும் அது அயல்மொழிதானே. உச்சரிப்பு புரியாவிட்டால் தலையாட்டிவிடாதீர்கள். "டூ யூ மீன்..." என்று தொடங்கி, புரிந்த அளவைத் திருப்பிக் கேளுங்கள்.

மல்லைக்காரன்:
நன்றி டீச்சர், நாகர்களிலேயே தொடங்குகிறேன். ஐயா, கடை விஷயத்தை எல்லோரும் நைசாக விட்டுவிட்டீர்களே?

தஞ்சை மூத்தவர்:
வேனில் ஏறியதுமே சொல்லிவிடுங்கள்: கடைசியில் ஒரு கடை உண்டு, விருப்பமிருந்தால் இறங்கலாம், வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கமிஷன் குறையும். ஏஜென்சி முணுமுணுக்கும். ஆனால் கல் தட்டும் சிற்பியைப் பார்க்க நிறையப் பேர் தாமாகவே இறங்குவார்கள்.