ஏர்பேக் விளக்கை எவ்வளவு நம்பலாம்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வேளச்சேரிக்காரன்:
மாமாவுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் கார் தேடிக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு மைலேஜ் முக்கியம், அத்தைக்கு முன்னால் இரண்டு ஏர்பேக் இருந்தே ஆகவேண்டும். போன வாரம் புரோக்கர் ஒருவர் 2016 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றைக் காட்டினார். பெயிண்ட் பளபளப்பு, டயர் புதுசு, விலையும் படிந்துவிடும் போலிருந்தது.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர்பேக் விளக்கு எரிந்து, ஐந்தாறு விநாடியில் தானாக அணையவேண்டும். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதற்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும்தான் ஸ்டார்ட் ஆகும்வரை எரிந்துகொண்டிருக்கும். இந்த வண்டியில் ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. ஸ்டார்ட் செய்தேன், பேட்டரி விளக்கு அணைந்த அதே நொடியில் இதுவும் அணைந்தது. மறுபடி செய்து பார்த்தாலும் அதேதான். யாரோ இதன் வயரைக் கொண்டுபோய் பேட்டரி விளக்கோடு முடிந்துவிட்டிருக்கிறார்கள். சாவி போட்டதும் சட்டென்று ஸ்டார்ட் செய்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். பின் சீட் பெல்ட்களில் 2016, டிரைவர் பெல்ட்டில் 2019, அதாவது பிறகு மாற்றியது. இடதுபக்க டாஷ்போர்டு மட்டும் ஒரு சாயல் கருப்பு அதிகம். புரோக்கரிடம் கேட்டால், "சார், இந்த மாடல்ல லைட்டு அப்படித்தான் வரும்" என்கிறார். வண்டியை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இனி பார்க்கப்போகும் கார்களுக்காகக் கேட்கிறேன். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தால் அது போதுமா?

கோவை மெக்கானிக்:
போதாது தம்பி. நீங்கள் பார்த்தது பழைய வித்தை. புது வண்டிகளில் மீட்டருக்குத் தகவல் டேட்டா லைனில் வருவதால் வயரை மாற்றி முடிவது எடுபடாது. அதனால் வேறு வேலை செய்கிறார்கள். ஏர்பேக்கைத் தூண்டுகிற சின்னக் கருவியின் மின்தடை இரண்டு, மூன்று ஓம் அளவில்தான் இருக்கும். ஏர்பேக் வெடித்துப்போன வண்டியில் புது ஏர்பேக் வாங்காமல், அந்த இடத்தில் அதே அளவு மின்தடை உள்ள ரெசிஸ்டர் என்ற சின்னப் பாகம் ஒன்றைச் சொருகிவிட்டு மூடியை ஒட்டிவிடுவார்கள். ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட், ஏர்பேக் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். விளக்கு முறைப்படி எரியும், முறைப்படி அணையும், உள்ளே ஒன்றும் இருக்காது.

என் கடைக்கு வந்த ஒரு செடானில் இதைப் பார்த்தேன். அவர் வந்தது ஹாரன் அடிக்கவில்லை என்று. ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் பேடைக் கழற்றினால் பின்னால் காலி, ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர், அதைச் சுற்றி இன்சுலேஷன் டேப். அந்த மனிதர் குடும்பத்தோடு அந்த வண்டியில்தான் திருப்பதி போய்வந்திருக்கிறார். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனவே விளக்கைப் பார்ப்பது முதல் படி மட்டும்தான். அடுத்து ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டும் படிக்கும், ஏர்பேக் பக்கம் எட்டிப்பார்க்காது. விபத்தில் ஏர்பேக் வெடித்தால் அந்த விபத்தின் பதிவு கன்ட்ரோல் யூனிட்டில் தங்கிவிடும். அதை அழித்துத் தருகிறோம் என்று போர்டு மாட்டியே கடை வைத்திருக்கிறார்கள், ஆகவே ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் பேடையும் டாஷ்போர்டு மூடியையும் கண்ணால் பார்க்கவேண்டும். ஏர்பேக் என்ற எழுத்து அச்சு மங்கலாக, ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறதா, ஓரத்தில் பசை தெரிகிறதா, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். 2024-இல் டெல்லி போலீஸ் போலி ஏர்பேக் செய்து விற்ற ஒரு கும்பலைப் பிடித்தது நினைவிருக்கலாம். அதனால் "புதுசு மாத்தியாச்சு சார்" என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டர் பில்லைக் கேளுங்கள்.

இன்னொன்று, 2016 வண்டி என்கிறீர்கள். இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு 2021-இல். அதற்கு முந்தைய பேஸ் வேரியண்டுகள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது. பின்னால் டாப் வேரியண்ட் எழுத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு. சேசிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் எந்த வேரியண்ட் என்று சொல்லிவிடுவார்கள்.

மதுரை ஐ.டி.:
எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் பெரிய கோளாறு எதுவும் இல்லை. காரை உள்ளே வாக்யூம் போட்டுச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டு கிளம்பியதும் விளக்கு வந்துவிட்டது. முதலில் போன கடையில் யூனிட்டையே மாற்றவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், கேட்டதும் தலை சுற்றியது. இரண்டாவது கடையில் ஒரு பையன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, மஞ்சள் கனெக்டர் பாதி கழன்றிருப்பதைக் காட்டினான். பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து, அழுத்திச் சொருகி, யூனிட்டில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழித்தான். அவ்வளவுதான், அதற்குப்பின் வரவில்லை.

கோவை மெக்கானிக்:
அந்தப் பையன் விவரமானவன். கன்ட்ரோல் யூனிட்டுக்குள் கெபாசிட்டர் உண்டு, பேட்டரியைக் கழற்றிய பின்னும் சில நிமிடம் அதில் மின்சாரம் இருக்கும். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் திறக்கவேண்டும் என்பதற்காகத்தான் அது. எனவே மஞ்சள் கனெக்டர் எதையும் தொடுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் காத்திருக்கவேண்டும். இதைப் படிக்கிற யாரும், தயவுசெய்து, மல்டிமீட்டர் வைத்து ஏர்பேக்கின் ஓம் அளக்கப் பார்க்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கக்கூடும்.

விளக்கோடு ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து போனால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங் சுற்றும்போது வயர் அறுந்துவிடாமல் இருக்க உள்ளே சுருட்டி வைத்திருக்கும் பட்டை கேபிள் அது. வேறு வேலைக்காக ஸ்டீயரிங்கைக் கழற்றி, நடுநிலை பார்க்காமல் மாட்டினால் ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது அறுந்துவிடும்.

மடிப்பாக்கம் அக்கா:
எங்கள் ஏரியாக்காரர்களுக்காக ஒரு விஷயம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எத்தனையோ கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பல கார்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கும். சீட் அளவு தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான். தெரிந்தவர் ஒருவர் வாங்கிய காரில் ஏர்பேக் விளக்கு மழைக்காலத்தில் வரும், வெயிலில் போய்விடும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் சீட் போல்ட்டெல்லாம் துரு, கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தது. அதனால் நான் போனால் சீட்டுக்கு அடியில்தான் முதலில் மூக்கை நுழைப்பேன். என் கணவருக்கு அது கௌரவக் குறைச்சல்!

கிள்ளான் தமிழன்:
அண்ணே, விளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். விளக்கு ஒழுங்காக இருந்தும், அசல் ஏர்பேக்கே இருந்தும் ஆபத்தான கதை எங்கள் மலேசியாவில் நடந்திருக்கிறது. தகாட்டா விவகாரம்தான். அந்த ஜப்பான் நிறுவனம் ஏர்பேக்கை ஊதும் குப்பியில் அம்மோனியம் நைட்ரேட் போட்டது. வெயிலும் ஈரப்பதமும் மாறிமாறிப் பட்டால் பல வருடத்தில் அது கெட்டு, விபத்தின்போது வேண்டியதைவிட வேகமாக எரிந்து, குப்பியின் இரும்பே சில்லாகத் தெறிக்கும். சின்ன மோதலிலேயே அந்த இரும்புத் துண்டு பட்டு இறந்தவர்கள் இங்கே உண்டு. உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குப்பிகள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017-இல் நிறுவனம் திவாலானது.

இந்தக் கோளாறை விளக்கு காட்டாது. மின்சுற்று சரியாக இருக்கிறதா என்றுதான் யூனிட் பார்க்கும், குப்பிக்குள் இருக்கும் வெடிமருந்து என்ன நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. என் பழைய கார் இந்தப் பட்டியலில் இருந்தது. கடிதம் முந்தைய உரிமையாளர் முகவரிக்குப் போயிருக்கிறது, எனக்கு வரவே இல்லை. நண்பர் சொல்லி, கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இந்தியாவிலும் இதே குப்பிகளுக்காகக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வெயிலும் கடற்கரை ஈரமும் எங்கள் ஊருக்குக் குறைந்ததா என்ன? செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்கள் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திருச்சி டாக்சி:
நான் ஏர்பேக் வெடித்து நேரில் பார்த்தவன், அதனால் எழுதுகிறேன். உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம், விடியற்காலை, முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. பிரேக் அடித்தும் இடித்துவிட்டேன். பட்டாசுக் கடையில் நிற்கிற மாதிரி ஒரு சத்தம், காது அடைத்துக்கொண்டது. வண்டி முழுக்க வெள்ளைப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று பயந்து கதவைத் திறந்து குதித்தேன். அது புகையே இல்லை, பையில் ஒட்டாமலிருக்கப் போடும் பவுடர்தான் அதிகம் என்று பிறகு சொன்னார்கள். பை எப்போது விரிந்தது, எப்போது சுருங்கியது என்று எனக்குத் தெரியவே தெரியாது, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. முன்கையில் தோல் உரிந்தது, பெல்ட் போட்ட இடத்தில் நெஞ்சில் கன்றிப்போனது. அவ்வளவோடு தப்பித்தேன். பெல்ட் இல்லாமல் அந்தப் பையில் போய் விழுந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர் திட்டாத குறையாகச் சொன்னார்.

இடது டாஷ்போர்டில் நான் ஒட்டி வைத்திருந்த பிள்ளையார் பின் சீட்டில் கிடந்தார். நல்லவேளை, முன் சீட்டில் ஆள் இல்லை. இப்போது பிள்ளையார் மீட்டர் பக்கம், சின்னதாக. ஏர்பேக் மூடிமேல் எதுவும் வைப்பதில்லை.

வேளச்சேரிக்காரனுக்கு ஒரு தகவல். என் வண்டியில் இரண்டு ஏர்பேக், டாஷ்போர்டு, இரண்டு பெல்ட், கன்ட்ரோல் யூனிட், கிளாக் ஸ்பிரிங் எல்லாம் மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் வந்தது. பெல்ட்டையும் ஏன் என்றேன். மோதும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க அதற்குள்ளும் ஒரு வெடி இருக்கிறது, ஒருமுறைதான் வேலை செய்யும் என்றார்கள். செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யாமல் முழு இழப்பாகக் கணக்கு வைத்துவிட்டார்கள். வண்டியை ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். மூஞ்சியைத் தட்டி, பெயிண்ட் அடித்து, ஏர்பேக் மட்டும் இல்லாமல் அது எந்த ஊர் புரோக்கர் கையில் இருக்கிறதோ.

வேளச்சேரிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கிளெய்ம் விவரத்தைக் காப்பீட்டுக் கம்பெனியில் கேட்டால் சொல்வார்களா? இன்னொரு சந்தேகம், பத்து வருட ஏர்பேக்கை மாற்றவேண்டும் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக்.

திருச்சி டாக்சி:
ஓனரை வைத்துக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாலிசியிலேயே இருக்கும். பழைய கார், ஒரே ஓனர், போனஸ் மட்டும் பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்கவேண்டும். ஓனர் கூடவர மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

கோவை மெக்கானிக்:
சில பழைய கார்களில் பத்து, பதினைந்து வருடத்தில் மாற்றச் சொல்லிக் கதவு ஓரத்தில் லேபிள் இருக்கும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் அப்படித் தேதி கிடையாது. ஓனர் மேனுவலில் ஏர்பேக் பகுதியைப் பாருங்கள், மாற்றச் சொல்லியிருந்தால் அங்கே இருக்கும். கார் பார்க்கப் போகும்போது சனிக்கிழமை தவிர எந்த நாளானாலும் சொல்லுங்கள், வீடியோ காலில் நானும் பார்க்கிறேன்.