காட்டு முசக்குட்டி கெடச்சிருக்கு, என்ன பால் குடுக்கறது? அவசரம், சேலம்

அடிவாரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க ஏற்காடு மலை அடிவாரத்துல இருக்கோம். இன்னிக்கு காலைல மரவள்ளிக் காட்டு ஓரமா மெஷின் வெச்சு புல்லு வெட்டிட்டு இருந்தப்ப ஒரு முசக்குட்டி கெடந்துச்சு, உள்ளங்கைல அடங்கிரும், கண்ணு நல்லா முழிச்சிருக்கு, ஒடம்பு பூரா முடி, நெத்தில சின்னதா ஒரு வெள்ளப் புள்ளி. தாய் முசல் எங்க தேடியும் காணோம், நாயி கவ்விரும்னு வீட்டுக்கு எடுத்தாந்து அட்டப்பொட்டில வெச்சிருக்கோம். காயம் எதுவும் இல்ல, ஆனா அசையாம ஒடுங்கி ஒக்காந்துருக்கு. அம்மா பசும்பால் காச்சி ஊத்தலாம்ங்கறாங்க, பக்கத்து வீட்ல வெள்ள முசல் வளக்கறாங்க, அதுகிட்ட விட்டா பால் குடுக்குமா? தாயில்லாத குட்டி, எப்படியாவது பொழைக்க வெக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகலூர் அக்கா:
தம்பி, பால் எதுவும் குடுக்காதீங்க, வெள்ள முசல்கிட்டயும் விடாதீங்க, அது கடிச்சு வெச்சிரும். மொதல்ல ஒன்னு கேளுங்க, அது தாயில்லாத குட்டியே இல்லாம இருக்கலாம். நம்ம காட்டு முசல் வளை தோண்டாது. வீட்டு முசல் குட்டி போட்டா முடியில்லாம கண்ணு மூடிகிட்டு கெடக்கும், ஆனா இது பொறக்கும்போதே முடியோட, கண்ண தொறந்துகிட்டு பொறக்கும், புல்லுக்குள்ள ஒரு சின்ன பள்ளத்துல போட்டுட்டு தாய் தள்ளிப் போயிரும். குட்டிக்கிட்டயே நின்னா நரி, நாயி, கீரிப்புள்ள எல்லாம் மோப்பம் புடிச்சு வந்துருமே, அதுக்காகத்தான். நாளைக்கு ஒரு தரமோ ரெண்டு தரமோ, பெரும்பாலும் பொழுது சாஞ்சு இருட்டுனப்பறம் வந்து சில நிமிசம் பால் குடுத்துட்டு போயிரும். அதனால பகல்ல எவ்வளவு நேரம் ஒளிஞ்சு நின்னு பாத்தாலும் தாய் கண்ணுல படாது. அசையாம ஒக்காந்துருக்குன்னீங்கல்ல, அதுவும் நோவு இல்ல, ஆளக் கண்டா அப்படித்தான் ஒடுங்கிக்கும்.

பொழுது சாயறதுக்குள்ள எடுத்த எடத்துலயே கொண்டு போய் விடுங்க. வெட்டுன எடம் வெட்டவெளியா இருந்தா அதுக்கு ஒட்டுனாப்ல வெட்டாத புல்லு இருக்கும்ல, அதுல வைங்க, ரொம்ப தூரம் தள்ளாதீங்க. மனுசன் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு ஊர்ல சொல்லுவாங்க, அத நம்பி பயப்படாதீங்க, அதெல்லாம் சேத்துக்கும். நாய கட்டிப் போடுங்க, பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, டார்ச் அடிச்சு பாக்கற வேல வேணாம். நாங்க காப்பித் தோட்டத்துல களை வெட்டும்போது குட்டி கண்டா அப்படியே சுத்தி ஒரு திட்டு புல்ல விட்டுட்டு அடுத்த பாத்திக்கு போயிருவோம்.

தாய் வந்துச்சான்னு தெரியணும்னா கொஞ்சம் தள்ளி சுத்திலும் கோலமாவ லேசா தூவி வைங்க, காலைல தடம் தெரியும். கல்லு மாவா இருக்கணும். அரிசி மாவ போட்டா எறும்பு வந்து குட்டிய மொச்சிரும்.

மலைப்பாதை:
எங்க தாத்தா காட்டு முசல வீட்லயே வளத்தாரு, நல்லாத்தான் இருந்துச்சு. நீங்களும் வளத்துப் பாருங்களேன் ப்ரோ.

கால்நடை ஊழியர்:
இல்லீங்க, அப்படி சொல்லாதீங்க. காட்டு முசல புடிக்கறது, வளக்கறது, விக்கறது எதுவும் கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வர்ற உயிரு அது. சட்டத்த விடுங்க, கூண்டுல அடைச்சா சத்தத்துக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் அரண்டே செத்துரும், நான் பாத்த குட்டிங்க முக்காவாசி பசில சாகல, பயத்துலயும் பால் பொரையேறியும்தான் செத்துச்சு.

அக்கா சொன்னது முழுக்க சரி, நான் சொல்றது தாய் செத்தது கண்ணால தெரிஞ்சா மட்டும், இல்ல குட்டிக்கு அடிபட்டிருந்தா மட்டும். அப்ப வனத்துறைக்கு போன் பண்ணுங்க, உங்களுக்கு குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவும் பக்கம், அதுவும் வனத்துறை கையிலதான் இருக்கு. அவங்க வர்ற வரைக்கும் பொட்டிய இருட்டா, சத்தமில்லாத ரூம்ல வைங்க. காது தொட்டா ஜில்லுனு இருந்தா வெந்நீர் பாட்டில துணில சுத்தி பொட்டியோட ஒரு பாதி அடில மட்டும் வைங்க, சூடு தாங்கலன்னா அது மறுபாதிக்கு நகந்துக்கணும். ஒடம்பு சூடாகாம வாயில எதையும் ஊத்தக் கூடாது, செரிக்காது. பசும்பால் வேண்டவே வேண்டாம், பேதியாகும். முசல் பால் ரொம்ப கெட்டி, கொழுப்பு பல மடங்கு. டாக்டர் குடுக்க சொன்னாருன்னா பூனக்குட்டிக்கு விக்கற பால் பவுடரோ, அது கெடைக்கலன்னா ஆட்டுப்பாலோ, ஊசி மாட்டாத 1 மில்லி சிரிஞ்சுல, குட்டிய மல்லாத்தாம குப்புற ஒக்கார வெச்சு, வாய் ஓரத்துல சொட்டு சொட்டா. மூக்குல நொர வந்தா உடனே நிறுத்திருங்க, நுரையீரலுக்கு போயிருச்சுன்னு அர்த்தம்.

இன்னொன்னு, பூன கவ்வுன குட்டின்னா ஊசி குத்துன மாதிரி ஒரு பல்லு பட்டிருந்தாகூட அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், பூன வாயில இருக்கற கிருமி வேகமா ஏறிரும். வீட்ல இருக்குதேன்னு அமாக்சிசிலின்ங்கற ஆன்டிபயாட்டிக் மருந்த கரைச்சு ஊத்திராதீங்க, முசல் கொடல்ல இருக்கற நல்ல கிருமி பூரா அழிஞ்சு கழிஞ்சே செத்துரும்.

அடிவாரத்தான்:
ரொம்ப நன்றிங்க அக்கா, சார். நேத்து அஞ்சர மணிக்கே கொண்டு போய் விட்டேன், நாயும் கட்டிட்டோம். இன்னிக்கு காலைல போனா மாவுல பெரிய முசல் தடம் தெளிவா இருக்கு, குட்டி நாலடி தள்ளி புல்லுக்குள்ள ஒக்காந்துருக்கு, வயிறு உருண்டு பலூனாட்டம் இருக்கு! அம்மாவுக்குத்தான் ஒரே சந்தோசம். ஆனா மீதி காடு வெட்டாம கெடக்கு, ஆளு நாளைக்கு மெஷினோட வர்றாரு, என்ன பண்றதுங்க?

நாகலூர் அக்கா:
கேக்கவே நல்லாருக்கு தம்பி. வேற அவசரம் இல்லன்னா வெட்ட ஒரு மாசம் தள்ளிப் போடுங்க, அதுக்குள்ள அது தானா மேஞ்சு ஓடிரும். ஈத்துக்கு ரெண்டு மூணு குட்டி கூட இருக்கும், பொறந்து கொஞ்ச நாள்ல ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு ஒளிஞ்சுக்கும், அதனால ஒன்னுதான்னு நெனச்சு மெஷின ஓட்டிராதீங்க. கட்டாயம் வெட்டியே ஆகணும்னா மொதல்ல குச்சி வெச்சு புல்ல வெலக்கி வெலக்கி நடந்து பாத்துட்டு, நடுவுல ஆரம்பிச்சு வெளிய பாத்து வெட்டச் சொல்லுங்க, சுத்தி வெட்டிகிட்டே உள்ள போனா பெருசுங்க எல்லாம் நடுவுல மாட்டிக்கும். ஒளிஞ்சிருக்கற குட்டி அப்பவும் ஓடாது, அத கண்டா சுத்தி ஒரு திட்டு விட்டுருங்க. வர்ற ஆளுகிட்ட இன்னிக்கு ராத்திரியே போன்ல சொல்லி வைங்க.