கோகுஷுஃபுடோ: சிரிப்பு எங்கிருந்து எழுகிறது?

ஏடுபுரட்டி:
கோசுகே ஓனோ 2018-இல் தொடங்கிய ‘கோகுஷுஃபுடோ’ என்ற மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) விரும்புவோருக்கு வருத்தம் தரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எதிரிகளை நடுங்கவைத்த யாகுசாவான (ஜப்பானியக் குற்றக் கும்பல்காரனான) தட்சு, திருமணத்துக்குப் பிறகு அடிதடியைக் கைவிட்டு, மனைவி மிக்கு வேலைக்குப் போக, ஏப்ரன் கட்டிக்கொண்டு வீட்டைக் கவனிக்கிறான். முகத்தில் வெட்டுத்தழும்புள்ள ஆண் துணி துவைத்தால் சிரிக்கிறோம்; அதையே நாள்தோறும் செய்யும் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வீட்டுவேலை ஆணுக்குப் பொருந்தாது என்ற பழைய எண்ணத்தின்மீதுதான் இந்த நகைச்சுவை நிற்கிறது.

அஞ்சறைப்பெட்டி:
முற்றிலும் மறுக்கிறேன். தலைப்பையே பாருங்கள். யாகுசா வாழ்வைக் குறிக்கும் ‘கோகுடோ’ என்ற சொல்லைப் பிளந்து, நடுவில் ‘ஷுஃபு’வைச் செருகியிருக்கிறார் ஓனோ. ஜப்பானியரின் காதுக்கு அது இல்லத்தரசி என்றே கேட்கும். எழுத்தில் மட்டும் மனைவியைக் குறிக்கும் வடிவம் இருக்க வேண்டிய இடத்தில் கணவனைக் குறிக்கும் வடிவம் இருக்கும். இறுதியில் வரும் ‘டோ’, ஜூடோ, கெண்டோ என்ற தற்காப்புக் கலைகளின் பெயர்களில் வருகிற, நெறி என்று பொருள்படும் அதே சொல். தட்சு அப்படித்தான் வாழ்கிறான். மனைவிக்கு மதிய உணவு கட்டுவதையும், சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுபடி விற்பனைக்குப் போவதையும் உயிர்போகிற காரியமாக எண்ணி, கும்பல் சண்டைக்குரிய மொழியிலேயே பேசுகிறான். திரும்பி வரும்படி கெஞ்ச வந்த பழைய கையாள் மாசாவுக்குச் சமையலும் துப்புரவும் கற்றுத்தருகிறான். நாம் ஒரு பொருட்டாகவே மதிக்காத உழைப்பை ஒருவன் இவ்வளவு மதிக்கிறானே என்ற வியப்பில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது ஆண்டுகளாக அடுப்படியில் நிற்பவள் நான்; ஒரு பக்கத்தில்கூட அவமதிப்பை உணரவில்லை.

தாழ்வாரம்:
ஹிபாரியை இருவரும் மறந்துவிட்டீர்கள். கும்பல் தலைவரின் மனைவியாக இருந்து, இப்போது சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் அவளும் அதே மிரட்டல் தோரணையால்தான் சிரிக்கவைக்கிறாள். ஆண் என்பதுதான் நகைச்சுவையின் காரணம் என்றால் அவள் காட்சிகள் எடுபட்டிருக்காது.

ஏடுபுரட்டி:
ஹிபாரியைப் பற்றிய வாதம் வலுவானது; என் முதல் கருத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு குறை எஞ்சியிருக்கிறது. ஜப்பானில் 1992-இல் நடைமுறைக்கு வந்த யாகுசா எதிர்ப்புச் சட்டத்தாலும், 2011-க்குள் எல்லா மாகாணங்களிலும் வந்துவிட்ட கும்பல் ஒழிப்பு விதிகளாலும், கும்பலை விட்டு விலகியவரைக்கூட ஐந்தாண்டுகள் உறுப்பினராகவே கருதும் நடைமுறை இருக்கிறது. வங்கிக் கணக்கு தொடங்குவதும் வாடகைக்கு வீடு பிடிப்பதும் அவர்களுக்குப் பெரும்பாடு. தட்சுவுக்கு அந்தத் துன்பமும் இல்லை, அவனால் துன்பப்பட்டவர்களும் கண்ணில் படுவதில்லை. வன்முறையாளன் இவ்வளவு எளிதில் அன்புக்குரியவன் ஆகிவிடுவது எனக்கு உறுத்துகிறது.

அஞ்சறைப்பெட்டி:
பாதிக்கப்பட்டவர்கள் இல்லை என்பது உண்மை. அதற்கு என்னிடம் மறுமொழி கிடையாது. மற்றதை ஏற்கமாட்டேன். அண்டை வீட்டார் அஞ்சுகிறார்கள், காவலர்கள் சந்தேகிக்கிறார்கள், பழைய எதிரி தோராஜிரோவோ வண்டியில் க்ரேப் என்ற மெல்லிய அப்பம் விற்றுப் பிழைக்கிறான். சமூகம் அவர்களை இன்னும் நம்பவில்லை என்பதை இந்தக் காட்சிகள் சொல்லாமல் சொல்கின்றன. மிக்குவோ தட்சுவைக் கண்டு துளியும் அஞ்சுவதில்லை. அந்த நம்பிக்கை வீணாகிவிடக் கூடாது என்றுதான் அவன் ஒவ்வொரு நாளும் அந்த ஏப்ரனைக் கட்டுகிறான் என்று நான் படிக்கிறேன்.